பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு இறாக்கை

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கவென்று கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 75,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நிர்வாக சபை கூடியது. பத்து நிமிடத்திலேயே பட்டியல் முடிந்துவிட்டது. கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள், பொது அறிவு, ஆங்கில இலக்கணம், கொஞ்சம் சமய நூல்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை. ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் ஏதும் இல்லையா என்று கேட்டேன். தலைவர் ஐயா வாசிகசாலைக்காக இருபது வருடம் உழைத்தவர். அவர் மனம் நோகப் பேச எனக்கு விருப்பமில்லை. "பிள்ளை, அதுகளுக்கு எங்க நேரம்? ஓஎல் வருகுதெல்லே" என்றார். பதினோராம் ஆண்டில் வரும் சாதாரண தரப் பரீட்சையைத்தான் சொன்னார்.

அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசிகசாலையில் புத்தகம் அடுக்கும் தட்டு, அதாவது இறாக்கை, இரண்டேதான். சின்னப் பிள்ளைகளின் இறாக்கை இடுப்பளவு உயரம். முயல், சிங்கம், அரசன், நீதி. பெரியவர்களின் இறாக்கை கூரைமட்டும் போகிறது. போன தவணை விடுமுறையில் பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் வந்தான். ரியூசன் கொப்பியைச் சுருட்டிக் காற்சட்டைப் பின் பொக்கற்றில் செருகியிருந்தான். சின்னப் பிள்ளைகளின் இறாக்கைக்கு முன்னால் குனிந்து பார்த்தான், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். மற்ற இறாக்கையில் ஒரு தடித்த நாவலை இழுத்து, நடுப்பக்கத்தைத் திறந்து, திரும்ப வைத்தான். "அன்ரி, எங்கட வயசுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டான். நான் பதில் சொல்லத் திணறினேன். அவன் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் போய்ப் பார்த்த ஊர் நூலகங்கள் பலவற்றிலும் இதே கதைதான். சிறுவர் பகுதி இருக்கிறது, பெரியவர் பகுதி இருக்கிறது. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981 ஜூன் முதலாம் தேதியை ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம். 97,000 நூல்கள் சாம்பலானதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அந்தத் துக்கம் உண்மை என்றால், இன்றைக்கு உயிரோடு இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்பதும் எங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

இளையோர் நாவல் என்றால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கதையை நடத்துபவர் அந்த வயதுக்காரர். அவர் கண்ணால்தான் எல்லாம் தெரியும். உடம்பு மாறுகிறது, சிநேகிதன் குடும்பத்தோடு வெளிநாடு போகிறான், அப்பா குடிக்கிறார், ஒருத்தியைப் பார்த்தால் நெஞ்சு அடிக்கிறது, எண்பது எடுத்தாலும் வீட்டில் தொண்ணூறு கேட்கிறார்கள். இதெல்லாம் அந்தக் கதைகளுக்குள் வரும். கடைசிப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகமாட்டார். அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண், தன் வயதுக்கு வாசிக்க ஒன்றும் சரியாக இல்லையே என்று பதினைந்து வயதில் தானே எழுதத் தொடங்கினார். 'தி அவுட்சைடர்ஸ்' என்ற அந்த நாவல் 1967 இல் வந்தபோது அவருக்குப் பதினெட்டு. எங்கள் பெடியன் கேட்ட அதே கேள்வியில் இருந்து பிறந்த புத்தகம் அது.

சரி, என்ன வாங்கலாம்? தமிழில் இருந்து தொடங்குகிறேன்.

முதலாவது, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020 இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஒரு மரப்பாச்சிப் பொம்மை ஒரு சிறுமியோடு பேசுகிறது. பிள்ளைகள் மேல் பெரியவர்கள் வைக்கும் தப்பான கையைப் பற்றிப் பேசுகிறது. "இதை இறாக்கையில் வைக்கலாமோ?" என்று ஒரு அம்மா தயங்கினார். என் வீட்டில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் அதைக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒன்றும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு நான் குசினியில் தோசைக்கு அரைத்துக்கொண்டு நின்றபோது வந்து பக்கத்தில் இருந்தாள். பஸ்ஸில் தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னாள். நடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நானாகக் கேட்டிருந்தால் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டாள். அதனால் இந்தப் புத்தகத்தில் ஒன்றல்ல, மூன்று பிரதி வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று எப்போதும் யாரோ ஒரு பிள்ளையின் தலையணைக்குக் கீழ் இருக்கட்டும்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023 இல் அதே விருது பெற்றது. கீழடியைத் தொட்டுப் போகும் கதை. கீழடியில் ஆதன் என்ற பெயர் கீறிய பானை ஓடு கிடைத்ததை எங்கள் பிள்ளைகள் பாடமாக்கி எழுதுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். கதையாக வந்தால் மறக்கமாட்டார்கள். எங்களுக்கு ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய முத்திரை இருக்கிறது, அகழ்வு நடந்த கந்தரோடை இருக்கிறது. கந்தரோடைக்குப் பக்கத்தால் தினமும் சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளை ஒன்று இதை வாசித்தால் ஒருநாளாவது இறங்கி நின்று பார்க்கும். விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025 இல் அந்த விருதைப் பெற்றது. அதை இந்த இறாக்கையின் வாசல்படி என்று வைத்துக்கொள்ளலாம், பதினொன்று பன்னிரண்டு வயதுக்காரருக்கு.

ஆங்கிலத்தில் ஏன் என்று கேட்பார்கள். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு வெளியே ஒரு ஆங்கிலம் இருக்கிறது என்று காட்டத்தான். சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமனை நான் மனமார்ந்து சிபாரிசு செய்கிறேன். 2019 இல் வந்த 'தி பிரிட்ஜ் ஹோம்' சென்னையில் ஒரு கைவிடப்பட்ட பாலத்தின் மேல் வாழும் நாலு பிள்ளைகளின் கதை. விஜி, ருக்கு, அருள், முத்து என்று பெயர்களைப் பார்த்தாலே எங்கள் பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடும். வசனங்களும் எளிது. அவருடைய 'எ டைம் டு டான்ஸ்' 2014 இல் வந்தது, கவிதை நடையில் எழுதிய நாவல். பரதம் ஆடும் வேதா என்ற பெண் ஒரு விபத்தில் காலை இழக்கிறாள், செயற்கைக் காலோடு திரும்ப ஆடக் கற்றுக்கொள்கிறாள். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் புதிய காட்சி இல்லை. என் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவள். விளையாட்டுப் போட்டி நாட்களில் எல்லோருடைய சப்பாத்தையும் காத்துக்கொண்டு அவள் மர நிழலில் இருப்பாள். அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு இந்த நாவலை வாசித்தபோதுதான் கேட்டிருக்கலாமே என்று பட்டது. இந்த வயதில் எனக்குப் பட்டது இன்றைய பதினாலு வயதுக்காரிக்கு அந்த வயதிலேயே படட்டும்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு, பதினேழு தாண்டியவர்களுக்கு, வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. 2023 இல் வெளிவந்து 2024 இல் பெண்களுக்கான பிரிட்டிஷ் புனைகதை விருதைப் பெற்றது. பெரியவர்களுக்கான நாவல்தான். ஆனால் தொடக்கம் 1981 யாழ்ப்பாணம், சொல்பவள் டாக்குத்தராக ஆசைப்படும் பதினாறு வயதுப் பெண். கனமான புத்தகம், வலிக்கும். வீட்டில் ஒரு பெரியவரும் சேர்ந்து வாசிப்பது நல்லது.

மற்றபடி ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்க நூலகச் சங்கம் அறிவிக்கும் விருதுகளைப் பார்த்தாலே போதும். இளையோர் நூல்களுக்கு 2000 இல் இருந்து பிரின்ட்ஸ் விருது, ஒலிநூல்களுக்கு 2008 இல் இருந்து ஒடிசி விருது. அங்கே நல்லது என்றவை எல்லாம் இங்கே ஒட்டாது. ஆனால் 2021 இல் பிரின்ட்ஸ் பெற்ற டேனியல் நயேரியின் 'எவ்ரிதிங் சாட் இஸ் அன்ட்ரூ' கட்டாயம் ஒட்டும். ஈரானில் இருந்து அகதியாகப் போன பையன், அமெரிக்க வகுப்பறையில் தன் குடும்பக் கதையைச் சொல்கிறான், ஒருவரும் நம்புவதில்லை. எங்கள் மச்சான் மச்சாள்மாரில் எத்தனை பேர் அந்த வகுப்பறையில் இருந்திருப்பார்கள். அதன் ஒலிநூலை எழுதியவரே வாசித்திருக்கிறார்.

ஒலிநூல் என்றதும் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் முகம் சுளித்தார்கள். போன் வேண்டாம் என்றுதானே பிள்ளைகளை வாசிகசாலைக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

எனக்குத் தெரிந்த இன்னொரு பெடியன், ஒன்பதாம் ஆண்டு. எழுத்தைக் கூட்டி வாசிக்க இன்னும் கஷ்டப்படுகிறான். வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் அவன் கையில் கொடுத்தால் தொடவேமாட்டான். ஒலிவடிவில் முதல் சில அத்தியாயங்களைக் கொடுத்தேன். பின்னேரம் வெங்காயத் தோட்டத்தில் தகப்பனோடு தண்ணி கட்டும்போது ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டான். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அதில் ஏறியவன் இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து, கொஞ்சம் பயந்து கேட்டான்: "அன்ரி, கேட்டா அது வாசிச்சதெண்டு கணக்கோ?"

கணக்குத்தான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்கு வேறு பதில் சொல்ல முடியாது. எங்கள் கோயில்களில் புராணபடனம் நடக்கிறது. ஒருவர் கந்தபுராணத்தை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார், ஊர் இருந்து கேட்கும். என் அப்பப்பாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். ஆனால் சூரன் மாமரமாக நின்ற இடத்தை அவர் சொல்லும்போது எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். அவரைக் கந்தபுராணம் தெரியாதவர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

1990 க்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். எனக்கு அப்போது பதின்மூன்று. நாடகம் முடியும்வரை அண்ணாவும் நானும் மாறி மாறிச் சுற்றுவோம். கை சோர்ந்தால் குரலும் இழுபட்டுப் போகும், அம்மம்மா "சுத்து, சுத்து, அவள் என்ன சொன்னவள்?" என்று அந்தரப்படுவார். காதால் வந்த கதைக்கு அவ்வளவு பாடுபட்ட ஊர் இது.

ஒலிநூலின் தொடக்கமே பார்வை இல்லாதவர்களுக்காகத்தான். பிரிட்டனில் 1935 இல் இசைத்தட்டில் நாவலைப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினார்கள். கண் தெரியாத பிள்ளை, எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை, தோட்டத்திலும் கடையிலும் பெற்றோருக்கு உதவும் பிள்ளை, இவர்கள் எல்லோரும் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். முடிந்தால் புத்தகத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பெடியன் இப்போது கேட்டுக்கொண்டே வரியில் விரல் வைத்துப் போகிறான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஒடிபிள் (Audible) போன்ற இணையக் கடைகளில் வாங்கும் ஒலிநூல் வாங்கிய ஆளுக்கு மட்டும்தான். அதை இறக்கிப் பென் டிரைவில் போட்டு ஊருக்குக் கொடுத்தால் அது களவு. வாசிகசாலை அதைச் செய்யக்கூடாது. இலங்கைச் சட்டத்தில் எழுத்தாளர் காலமாகி 70 வருடம் போனால்தான் எழுத்து பொதுவாகும். கல்கி காலமானது 1954 டிசம்பரில், ஆகவே அவருடைய கதைகளை இப்போது யாரும் வாசித்துப் பதியலாம். புதுமைப்பித்தன் அதற்கும் முந்தியவர். மற்றவர்களுக்கு எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். 2005 இல் இருந்து நூலகம் திட்டக்காரர் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்து வருகிறார்கள். கண்ணுக்கு நடந்த அந்த வேலை காதுக்கும் நடக்க வேண்டும்.

ஏனென்றால் கிடைக்கிற தமிழ் ஒலிநூல்களில் நான் கேட்டவை எல்லாம் தமிழ்நாட்டுக் குரல்கள். கல்கிக்கு அது பொருந்தும். யாழ்ப்பாணத்து நாவலாசிரியர் செங்கை ஆழியானுக்குப் பொருந்தாது. 'ஆச்சி பயணம் போகிறாள்' நாவலில் ஆச்சி வாய் திறந்தால் அது யாழ்ப்பாணத்து வாய். 'வாடைக்காற்று' கடற்கரைப் பேச்சு. "ஓம்" என்ற ஒரு சொல்லை எங்கள் ஆச்சிமார் எத்தனை விதமாக இழுப்பார்கள், அதை அச்சில் காட்ட முடியாது. எங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பேச்சை ஒரு நல்ல கதையில் கேட்டால், அது பரிசோதனைத் தாளில் திருத்தப்பட வேண்டிய பிழை இல்லை என்று விளங்கும். செங்கை ஆழியான் 2016 இல் காலமானார். உரிமை உள்ளவர்களிடம் முறையாகக் கேட்க விரும்புகிறோம், வழி தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. சாறி அடுக்கிய அலுமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து இருந்து வாசித்தால் எதிரொலி வராது. காகம் கரையாத நேரம் மத்தியானம். பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி என் வீட்டில் கல்கியின் சிறுகதை ஒன்றைப் போனில் வாசித்துப் பார்த்தாள். பத்துப் பக்கத்துக்கு அரை மணித்தியாலம், பிழைவிட்டுத் திரும்ப வாசித்ததோடு ஒன்றரை மணித்தியாலம். முடித்ததும் தன் குரலைத் தானே இரண்டு தரம் கேட்டாள்.

தலைவர் ஐயா கடைசியில் 25,000 ரூபாயை இதற்கு ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு முன்னம் பட்டியல் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பதின்ம வயதுக்காரர் ஒரே மூச்சில் வாசித்த புத்தகம் எது என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். இந்தியப் புத்தகங்கள் இங்கே கடையில் கூடின விலைக்கு வருகின்றன. சென்னையில் இருந்து பலாலி விமான நிலையத்துக்கு வருபவர்கள் யாருடைய பையிலாவது இரண்டு கிலோவுக்கு இடம் இருந்தால் சொல்லுங்கள், அங்கே வாங்கிக் கையில் தர ஆள் இருக்கிறது.