பழைய மெஷினைத் திருப்பிக் கொடுங்கள்

இன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கையைப் பார்த்தால், நாலரை மணிக்கு வாட்சில் தேதி மாறுகிறது. முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் பார்த்தேன். இப்போது விடியற்காலை நாலரைக்கு மாறும், அவ்வளவுதான். வாட்ச் கடையில் 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டு, மெஷினை, அதாவது உள்ளே முள்ளை ஓட்டுகிற பாகத்தை, மாற்றிச் செய்த வேலை இது! முள் மாட்டுவதற்கு முன்னால் சாவியைத் திருகி, தேதி மாறும் இடத்தில் நிறுத்தி, அங்கே முட்களைப் பன்னிரண்டில் வைக்க வேண்டும். இதைக்கூடச் செய்யாதவர்கள் எதற்குக் கடை வைத்திருக்கிறார்கள்?

2008-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்த வாட்ச். செல் மாற்றியதைத் தவிர ஒரு செலவும் வைத்ததில்லை. போன மாதம் நின்றது. செல்தான் தீர்ந்திருக்கும் என்று கொண்டுபோனேன். பத்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், 250 ரூபாய். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்மூடி முழுக்கக் கீறல். எதையோ வைத்து நெம்பியிருக்கிறார்கள். தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் பழசாகி இறுகிப் போயிருக்கும், மூடியைத் திறந்தால் அதைப் பார்த்து மாற்ற வேண்டும். மாற்றவில்லை. பன்னிரண்டாம் நாள் மழையில் நனைந்தேன், கண்ணாடிக்குள் ஆவி படிந்தது, மறுநாள் வாட்ச் நின்றுவிட்டது.

திரும்பப் போனால், "தண்ணி போயிருக்கு சார், மெஷினே மாத்தணும்" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். தண்ணீர் எப்படிப் போனது? பதினைந்து வருஷத்துக்கு மேல் போகாத தண்ணீர், நீங்கள் மூடியைத் திறந்த பன்னிரண்டாம் நாள் ஏன் போனது? அதற்குப் பதிலே இல்லை.

"காயவெச்சு, கிளீன் பண்ணிப் பாருங்களேன்" என்றேன். "அதெல்லாம் பண்றதில்ல சார்." குவார்ட்ஸ் வாட்ச் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்ற நினைப்பு. உள்ளே ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைச் சர்க்யூட் பதினைந்து முறை பாதிபாதியாகக் குறைத்து, நொடிக்கு ஒரு துடிப்பாக்கி, காயில் என்கிற கம்பிச்சுருளுக்கு அனுப்புகிறது. முள் ஒரு அடி நகர்கிறது. காயில் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மல்டிமீட்டர் அவர் மேசையிலேயே கிடந்தது. தொடவே இல்லை.

வேறு வழியில்லாமல் சரி என்றேன். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனபோது பழைய மெஷினைக் கேட்டேன். "அது தூக்கிப் போட்டாச்சே சார்." என் பொருளைத் தூக்கிப் போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி மேசை போட்டு, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், கழற்றின செல்லைக்கூடக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுப்பார். ஏசி போட்ட கடையில் அந்த மரியாதைகூட இல்லை. பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை. என்ன மெஷின் போட்டார்கள், எத்தனை மாதம் கேரண்டி, எதுவும் கிடையாது.

அம்மா இன்றைக்கும், "வாட்ச் சரியாயிடுச்சாடா?" என்று கேட்டாள். முள் ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவள் வாங்கித் தந்த வாட்சில் இப்போது மிச்சம் இருப்பது டயலும் வெளிக்கூடும்தான்.

நாளைக்குக் கடை திறக்கும்போதே போய் நிற்கப் போகிறேன். முள்ளைக் கழற்றிச் சரியாக மாட்ட வேண்டும், புது வாஷர் போட வேண்டும், விவரம் எழுதின பில் வேண்டும். முடியாது என்றால் அங்கேயே நின்று நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன்.