பூட்டைப் பார்த்தீர்கள், அந்தப் பின்னலைப் பார்த்தீர்களா?

அம்மாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போன மகன் என்று சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்கள். மீதிப் பேர் அதன் கீழே போய் அந்தப் பையனைத் திட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். மூன்று நாளாக எதைத் திறந்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பாட்டிதான். வெளியே பூட்டு. "பாட்டி, உங்க மகன் எங்க பாட்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் குரல். அதற்கு மேல் சோக வயலின் வேறு. வயலின் போட்டால்தான் நமக்குக் கோபம் வரும் போலிருக்கிறது.

நான் சத்தத்தை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பார்த்தேன். அந்தப் பாட்டியின் தலையைப் பாருங்கள். எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, இறுக்கமாகப் பின்னி, நுனியில் கறுப்பு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. நெற்றியில் திருநீறு. ஜன்னல் திட்டில் மூடிவைத்த டம்ளர், பக்கத்தில் தட்டில் ரெண்டு பிஸ்கட். பாட்டிக்குக் கை நடுங்குகிறது, அந்தக் கையால் பின்னல் போட முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யாரோ உட்கார வைத்துத் தலைவாரி விட்டிருக்கிறார்கள். வீட்டில் மகன் ஒருவன்தான் என்று எடுத்தவரே சொல்கிறார். அப்படியென்றால் அந்தப் பின்னலைப் போட்டது யார்? லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவன் அம்மாவுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். உங்களுக்குப் பூட்டு மட்டும் தெரிந்தது.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். நானும் என் அம்மாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு ஆபீஸ் போயிருக்கிறேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. போன வருடம் கிட்டத்தட்ட ஏழு வாரம்.

அம்மாவுக்கு 79 வயது. 38 வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்தவள். 2004இல் ரிட்டயர் ஆனாள். இப்போது மறதி நோய். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்பவர்களுக்கு: சாவியை எங்கே வைத்தோம் என்பது மறதி, சாவி எதற்கு என்றே தெரியாமல் போவது இந்த நோய். காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலம் நாலு மணி ஆனால் ஆரம்பிக்கும். வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். இதுதானம்மா வீடு என்றால் நம்ப மாட்டாள். பதினெட்டு வயதில் ஆசிரியப் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் விடுதியில் இருந்தாள். இப்போது அங்கேதான் இருக்கிறாள். நான் அவளுக்கு மகள் இல்லை, விடுதி வார்டன். "வார்டனம்மா, சனிக்கிழமை ஊருக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழம வந்திரட்டுமா?" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். முதல் தடவை கேட்டபோது நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இப்போதெல்லாம் "போயிட்டு வா, லெட்டர் எழுதி வச்சிட்டுப் போ" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் வார்டனிடம் கேட்காமலேயே கிளம்பிவிட்டாள். ஊருக்குப் போகிற களக்காடு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, எட்டணாவைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் கேட்டிருக்கிறாள். கண்டக்டர் நல்ல மனுசன், சேலை முந்தியில் நான் தைத்து வைத்திருந்த நம்பரைப் பார்த்துப் போன் பண்ணினார். பஸ் நிலையத்துக்கு அவள் திருவனந்தபுரம் சாலையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மறுநாள் கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கினேன்.

"வேலைக்கு ஆள் வைக்க வேண்டியதுதானே?" இதைத்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அடடா, எங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். முதல் ஆள் ஏஜென்சி மூலமாக வந்தார், பகல் நேரத்துக்கு மட்டும் 22,000 ரூபாய். ஒன்பதாவது நாள் நின்றுவிட்டார். ரெண்டாவது ஆள் அம்மாவுக்கு இருமல் மருந்தைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒரு நாள் பாதியில் வந்ததால் தெரிந்தது. அவர் போய் அடுத்த ஆள் கிடைப்பதற்குள் ஓடியதுதான் அந்த ஏழு வாரம். மூன்றாவது அக்கா இன்றைக்கும் வருகிறார், தங்கமான மனுசி. அவரிடம் ஒரு நாள், உங்கள் வீட்டில் மாமியாரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "கதவச் சாத்திட்டுத்தான் வாரேன் மேடம்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. என் அம்மாவின் கதவு திறந்திருக்க, அங்கே இன்னொரு கதவு மூடியிருக்கிறது. இதையும் யாராவது வீடியோ எடுங்களேன்.

என் அம்மாவுக்கு ஆசிரியர் பென்ஷன் வருகிறது. நான் அரசு ஊழியர். எங்களுக்கே இந்தப் பாடு. அந்தப் பாட்டிக்கு வந்தால் முதியோர் உதவித்தொகை வரும், மாதம் 1,200 ரூபாய். பெரியவர்களுக்கான டயப்பர், பத்து உள்ள பாக்கெட், நான் வாங்கும் கடையில் 400 ரூபாயைத் தொடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பத்து நாளில் உதவித்தொகை தீர்ந்துவிடும். சோறு, மாத்திரை எல்லாம் அப்புறம்.

எங்கள் விடுப்புக் கதையையும் கேளுங்கள். அரசு ஊழியர் ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு விடுப்பு 12 மாதம். நல்ல விஷயம், நான் பிள்ளை பெற்ற காலத்தில் இவ்வளவு கிடையாது, பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் பெற்றவளைப் பார்க்க என்று தனியாக ஒரு விடுப்பு எங்கள் விதிகளில் இல்லை. ஈட்டிய விடுப்பு தீர்ந்தது. சொந்தக் காரணங்களுக்கான விடுப்பு தீர்ந்தது. ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கி, 2021இல் 60 ஆக்கினார்கள். ஆபீஸில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் மனதுக்குள் ரெண்டைக் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு 56. மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இப்போதெல்லாம் யார் யாரைத் தூக்குகிறோம் என்பதே சந்தேகம்தான்.

சட்டம் தெரிந்தவர்களும் வந்திருக்கிறீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கைவிட்டால் மூன்று மாதம் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். "தூக்கி உள்ளே போடு" என்று ஒருவர். எனக்கும் அந்தச் சட்டம் தெரியும் ஐயா. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு அது வேண்டும். எழுதிக்கொடுத்ததை ரத்து செய்ய வழி வைத்த 23ஆம் பிரிவால் வீடு திரும்பக் கிடைத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, புகாரை விசாரிக்கிற கோட்டாட்சியர் என்ன உத்தரவு போட முடியும்? மாதம் இவ்வளவு ரூபாய் கொடு என்று. சட்டத்தில் அதற்கு எழுதியிருக்கும் உச்சவரம்பு 10,000. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து உட்காரு என்று யாருக்கு உத்தரவு போடுவார்? அந்தப் பையனை மூன்று மாதம் உள்ளே போட்டால் அந்த மூன்று மாதமும் பின்னல் போடுவது யார்? கேஸ் போடச் சொன்னவரா?

"முடியாவிட்டால் இல்லத்தில் சேர்க்க வேண்டியதுதானே?" சேர்த்தால் இதே ஆட்கள் இல்லத்து வாசலில் நின்று வயலின் போடுவீர்கள். நானும் ஐந்தாறு இடங்களுக்குப் போன் பண்ணினேன். முதல் கேள்வியே, "தானாக நடமாடுவாங்களா? பாத்ரூம் தானாகப் போவாங்களா? ஞாபகம் நல்லா இருக்கா?" மூன்றும் இருந்தால் நான் எதற்கு உங்களைக் கூப்பிடுகிறேன்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருந்த தாத்தா ஒருவருக்கு வீட்டுக்கே வந்து கையைக் காலை அசைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து கிண்டி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். என் அம்மா களக்காடு பஸ்ஸைத் தவிர எதிலும் ஏற மாட்டாள்.

அப்புறம் அந்தக் கேள்வி. "தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" ஒரு பெண் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். தீப்பெட்டியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அந்த ஏழு வாரமும் எங்கேயாவது தீயணைப்பு வண்டி மணி கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். போதுமா?

"அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலேயே வைத்துப் பார்க்கவில்லையா?" இதை எழுதியவர்கள் எல்லாம் ஆண்கள் என்பதைக் கவனித்தேன். பார்த்தார்கள்தான். பார்த்தது யார்? உங்கள் அப்பாவா? உங்கள் அம்மாதான், அதுவும் தன் மாமியாரை. தன்னைப் பெற்றவளைப் பார்க்க அவளுக்கு வருடத்துக்கு ரெண்டு நாள் அனுமதி கிடைத்திருக்கும், வார்டனிடம் கேட்டுக்கொண்டு. என் ஆச்சி 62 வயதில் கிணற்றடியில் விழுந்தாள், நாலாம் நாள் போய்விட்டாள். எல்லோரும் பக்கத்தில் இருந்தோம், ஆமாம், நாலு நாள். சுதந்திரம் வாங்கின காலத்தில் நம் நாட்டில் சராசரி ஆயுள் முப்பத்து சொச்சம், இப்போது எழுபது. பத்து வருடம், பதினைந்து வருடம் இப்படிப் பார்க்க வேண்டிய அவசியமே அநேக வீடுகளுக்கு வந்ததில்லை. வந்த வீடுகளில் சிலவற்றில் என்ன நடந்தது என்று எங்கள் தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், அப்புறம் இளநீர், அதோடு பெரியவர் கதையை முடித்துவிடுவார்கள். தலைக்கூத்தல் என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்களிலிருந்து வந்து எனக்குப் பாசம் சொல்லித்தர வேண்டாம். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, இருக்கட்டும்.

உண்மையில் எனக்கு உங்கள் மேல் இவ்வளவு கோபம் இல்லை. அந்த வீடியோவை எங்கள் குடும்பக் குழுவில் போட்டது என் சித்தி. "பெற்றவளைப் பூட்டுகிற கை விளங்காது" என்று எழுதி, கீழே ஒரு வரிசை கும்பிடும் கை. சித்தி வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அம்மாதான் சித்தியைப் படிக்க வைத்தாள், தன் முதல் சம்பளத்தில் அவளுக்குப் பாவாடை தாவணி எடுத்தாள். சித்தி கடைசியாக வந்தது பொங்கலுக்கு. வந்தவள் அம்மாவுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று அழுதாள், காபி குடித்தாள், போய்விட்டாள். கனடாவில் இருக்கும் என் தம்பி அந்தப் பதிவுக்குக் கண்ணீர் விடும் முகம் போட்டிருந்தான். அவன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி போன் பண்ணி, "அக்கா, நீ அம்மாவ அப்படி எல்லாம் பூட்டிட்டுப் போறது இல்லையே?" என்றான். இல்லடா என்று சொல்லிவிட்டேன். 56 வயதில் தம்பிக்குப் பயந்து பொய் சொல்கிறேன். இந்தப் பதிவை அவன் படிப்பான். படிக்கட்டும்.

போன வாரம் என் மகள், "உனக்கு இப்படி வந்தா நானும் பூட்டணுமாம்மா?" என்று கேட்டாள். நல்ல பூட்டாக வாங்கு என்றேன். சிரித்தாள். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. (ஞாபகம் இல்லை என்று எழுதும்போதே பக்கென்று இருக்கிறது.)

தயவுசெய்து இதற்குக் கீழே "அம்மா பாவம்", "நீங்கள் தெய்வம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். நான் தெய்வம் இல்லை, முந்தாநாள் கூட அவள் சோற்றைத் துப்பியபோது கத்தினேன். எனக்கு வேண்டியது ஆள். வியாழக்கிழமை அந்த அக்கா மூன்றரைக்கே கிளம்பிவிடுவார், நான் வர ஆறு ஆகிவிடும். பாளையங்கோட்டையில் இருப்பவர்கள் யாராவது அந்த ரெண்டரை மணி நேரம் வந்து உட்கார முடியுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பெரிய வேலை இல்லை. ஒரு சிலேட்டும் பல்பமும் வைத்திருக்கிறேன், கொடுத்தால் எழுதிக்கொண்டிருப்பாள். டீயில் சர்க்கரை கூடாது. ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டால் சனிக்கிழமை போகலாம் என்று சொல்லுங்கள்.