எலிக்குச் சரி, அப்பாருக்கு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. மூளையின் பழைய செல்களை அழித்துப் புது செல்களை வளர்க்கும் மாத்திரை வந்துவிட்டதாம், மறதி நோய் இனி இல்லையாம். கீழே மலையாளத்திலும் அதே சேதி. நான் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனை நீட்டிக்கொண்டே வருகிறார்கள். "ஏனுங் தம்பி, கோயமுத்தூர்லயாச்சும் கிடைக்குங்களா? அப்பாருக்கு ஆளே அடையாளந் தெரிய மாட்டேங்குது."

முழுப் பொய்யாக இருந்தால் பரவாயில்லை. பாதி உண்மை, அதுதான் வம்பு.

அழிந்து வளர்வது நரம்பு செல்கள் அல்ல, மைக்ரோகிளியா என்கிற மூளையின் நோயெதிர்ப்பு செல்கள். 1919-இல் ஸ்பெயின்காரர் ரியோ ஒர்டேகா பெயர் வைத்தவை. கருவின் மஞ்சள்கருப் பையில் பிறந்து, மூளைக்குள் குடியேறி, அங்கேயே வம்சம் வளர்ப்பவை. உயிரோடு இருக்க ஒரு குறிப்பிட்ட ஏற்பி (செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் புரதம்) வழியாக விடாமல் சமிக்ஞை வர வேண்டும். 2014-இல் கலிபோர்னியாவின் இர்வைனில் கிம் கிரீன் குழு அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தைச் சுண்டெலித் தீவனத்தில் கலந்தது. மூன்றே வாரத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் காலி. மருந்தை நிறுத்தியதும் இரண்டு வாரத்துக்குள் பழைய எண்ணிக்கை வந்துவிட்டது!

எங்கிருந்து வந்தன? மூளைக்குள் இருந்த வேறு மூதாதைச் செல்களிலிருந்து என்றது அந்தக் குழு. 2018-இல் இன்னொரு குழு செல்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்தது. தப்பிப் பிழைத்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான மைக்ரோகிளியாவே பிரிந்து பெருகி மூளையை நிரப்பியிருந்தன. வயலில் நாலு கோரைக்கிழங்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்று சித்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். புதுசு புதுசு என்கிறோம், ஆனால் வந்தவை மிஞ்சியவற்றின் வாரிசுகள். மரபணுவில் கோளாறு இருந்தால் அதுவும் கூடவே வரும். அதனால்தான் இந்த ஏற்பியின் மரபணுவே பழுதான ஒரு மூளை நோய்க்கு, பழுதில்லாத செல்கள் அதிலிருந்து வரட்டும் என்று, பிறருடைய எலும்பு மஜ்ஜையை மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள்.

சரி, மாத்திரை? அந்த எலிகளுக்குக் கொடுத்த பெக்ஸிடார்டினிப் என்ற மருந்தை அமெரிக்கா 2019-இல் அனுமதித்தது, மூட்டுச் சவ்வில் வரும் ஒருவகைக் கட்டிக்கு. மறதிக்கு அல்ல. கல்லீரலைக் கடுமையாகக் கெடுக்கலாம் என்ற எச்சரிக்கை அதன் கூடவே வந்தது. வாட்ஸ்அப்காரர் அந்த வரியை வசதியாக விட்டுவிட்டார்.

வயசானவர்களின் மறதிக்கு பி12 குறைவும் தைராய்டும்கூடக் காரணமாக இருக்கலாம். அதைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும், கோயமுத்தூர் வரை போக வேண்டாம்.