டேட்டா காலி, மெட்டா ஃபுல்

லினக்ஸில் எல்விஎம் தின் பூல் (எழுத எழுத டிஸ்க் இடத்தை ஒதுக்கித் தரும் பொதுத் தொகுப்பு) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே ஒரு தடவை பாருங்கள். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் சர்வர் எழுத முடியாமல் நின்றுவிட்டது, காலி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால் பாதி இடம் காலி என்கிறது, அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பூலின் நிலையைக் காட்டும் எல்விஎஸ் கட்டளையை அடித்தபோதுதான் டேட்டா 61 சதவீதம், மெட்டா 100 சதவீதம் நிறைந்து நின்றது தெரிந்தது. எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மெட்டா என்ற அந்தச் சின்ன இடம் நிறைந்துவிட்டால், பக்கத்தில் எத்தனை ஜிபி காலியாகக் கிடந்தும் பிரயோஜனமில்லை. ஸ்னாப்ஷாட்களை (ஒரு நேரத்து நிலையின் பதிவுகளை) அழிக்காமல் குவித்தால் இன்னும் சீக்கிரம் நிறையும்.

எனக்கு ஆத்திரமே இதில்தான்: பூலைத் தானாகப் பெரிதாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் கான்ஃபிக் கோப்பில் அதன் வரம்பு (எத்தனை சதவீதம் நிறைந்ததும் பெரிதாக்குவது என்பது) 100 என்றே வருகிறது, 100 என்றால் அணைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தமாம். இதை யார் போய்த் தேடிப் படிப்பது?

அதை 70 ஆக்குங்கள். பூலைக் கண்காணிக்கும் டிஎம்ஈவென்ட்டிடி சர்வீஸ் ஓடுகிறதா பாருங்கள், அது ஓடாவிட்டால் எதுவும் தானாக நடக்காது. அப்புறம் வால்யூம் குரூப் (டிஸ்க்குகளின் மொத்த இடம்) முழுவதையும் பூலுக்கே கொடுத்துவிடாதீர்கள், பெரிதாக்கவும் இடம் வேண்டும், ரிப்பேர் செய்யவும் இடம் வேண்டும். எங்களிடம் அது இல்லாமல்தான் விடியற்காலையில் புது டிஸ்க் சேர்க்க ஓடினோம்.