கண்மாய்க்குள் ஒரு கருவேலங்காடு

சீமைக் கருவேலத்தை ஒழிப்போம் என்று மறுபடியும் ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு வந்திருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் அந்த மரம் உறிஞ்சிவிடுமாம், அதனால்தான் மழை இல்லையாம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோதும் இதேதான் சுற்றியது. அதை நம்பி நாலு குரூப்பில் அனுப்பியவன் நான், கள்ளிக்குடி பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் ஜேசிபி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவனும் நான்தான். அதே ஆண்டு வழக்கில் இடைக்காலத் தடை வந்தது, நிபுணர் குழு ஆராயட்டும் என்றார்கள், பிறகு தடை நீங்கியது. நீதிமன்றமே நிதானித்த விஷயத்தை நாங்கள் ஒரு பார்வர்டை வைத்து முடித்துவிட்டோம்.

அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கும், கண்மாயை அடைத்துக்கொண்டால் மண்ணெடுக்கக்கூட உள்ளே இறங்க முடியாது. இவ்வளவு போதாதா, மழையை விரட்டுகிறது என்ற கதை எதற்கு?

அன்றைக்கு எதிர்த்துப் பேசியது எங்கள் சின்னம்மா மட்டும்தான். "வெட்டுங்கப்பா, வெட்டிட்டு மாசம் ஒரு சிலிண்டர் வாங்கிக் குடுத்துருங்க" என்றார். சிரித்தோம். நெல் அவிப்பதிலிருந்து வெந்நீர் வரை அவருக்கு அந்த விறகுதான், மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்ட வேலைக்குப் போய்த்தான் வீடு ஓடியது. ராமநாதபுரம் பக்கம் இது இன்னும் பெரிய பிழைப்பு. விறகுப் பஞ்சம் தீரும் என்று ஒரு காலத்தில் அரசாங்கமே பரப்பிய மரம் இது, அதுவும் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவுதானே.

சரி, வெட்டியது என்ன ஆனது? ஏலம் எடுத்தவர் விலைபோகும் மரத்தை ஏற்றிக்கொண்டு தூரை அப்படியே விட்டுப் போனார். அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலும் பத்துப் பன்னிரண்டு கிளை. அதைவிட, ஆடுகள் நெற்றைத் தின்றுவிட்டு வந்து படுத்த இடத்தில், காய்ந்த புழுக்கைகளுக்கு நடுவே விரல் நீளத்தில் வரிசையாகக் கன்றுகள் நின்றன. இரண்டு விரலால் பிடுங்கினால் வந்துவிடும். யாரும் பிடுங்கவில்லை, நானும்தான். மூன்றாம் வருடம் முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது.

கண்மாய்க்குள் மரமே ஆகாது என்கிறவர்கள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கே கண்மாய்க் கருவேல மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அது நாட்டுக் கருவேலம், கதை வேறு. ஆனால் மரம் எது, கண்மாய் எது, யார் பிழைக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரே உத்தரவில் எப்படி முடிவு செய்வது?

போன வாரம் ஊர்க்கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னேன்: மடைப் பக்கம் மட்டும் முதலில் தூரோடு எடுப்போம், மீதியை விறகுக்கு விடுவோம், கன்று பிடுங்க மூன்று வருடத்துக்கு ஆள் போடுவோம், அப்புறம் பார்ப்போம். "அப்படிச் செஞ்சா தண்ணி நிக்குமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். வரத்துக்கால் பாதி பிளாட்டாகிவிட்ட ஊரில் என்ன உறுதி சொல்ல? தெரியலப்பா என்றேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சின்னம்மா மட்டும், கன்று பிடுங்கச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்.