தொப்பையை விடுங்கள், பைலட்டின் தூக்கத்தைப் பாருங்கள்

காக்பிட் வாசலில் கனத்த உடம்போடு ஒரு கேப்டன் நின்றால் போதும், "இவரையெல்லாம் எப்படி ஓட்ட விடுறாங்க?" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அமெரிக்காவில் விடத்தான் செய்கிறார்கள். அங்கே விமானிக்கு இத்தனை கிலோதான் என்று எடை வரம்பே கிடையாது. கண், காது, இதயம், இரத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். 40 வயது தாண்டிய ஏர்லைன் கேப்டனுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல்.

எடை மட்டுமே ஆளைக் கவிழ்த்துவிடாது. பயப்பட வேண்டியது ஸ்லீப் ஆப்னியாவுக்கு. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு அடைபடும், ஆக்சிஜன் குறையும், மூளை பதறி எழுப்பும். இரவு முழுக்க இதே கதை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் பகலில் கண் சொக்கும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஒல்லியானவர்களுக்கும் வரும்.

2008 பிப்ரவரி 13. ஹவாய்த் தீவுகளில் ஹொனலூலுவிலிருந்து ஹிலோவுக்குப் போன 'கோ!' (go!) என்ற நிறுவனத்தின் விமானத்தில் இரண்டு விமானிகளும் தூங்கிவிட்டார்கள். அதுவும் பட்டப்பகலில், முக்கால் மணி நேரப் பயணத்தில்! 40 பயணிகளோடு விமானம் ஹிலோவைத் தாண்டிக் கடல்மேல் போய்க்கொண்டே இருந்தது. நல்லவேளை, விழித்துத் திரும்பி வந்து இறக்கிவிட்டார்கள். கேப்டனுக்குக் கடுமையான ஆப்னியா இருந்தது அதன்பிறகுதான் தெரிந்தது. விசாரணை அறிக்கை அதோடு நிற்கவில்லை. தொடர்ந்து பல நாள் அதிகாலை டியூட்டி போட்டதையும் ஒரு காரணமாகச் சொன்னது. இதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

2013இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் தலைமை மருத்துவர் ஃபிரெட் டில்டன் ஒரு திட்டம் சொன்னார். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40, கழுத்துச் சுற்றளவு 17 அங்குலம் என்ற அளவைத் தொட்டவர்கள் தூக்கப் பரிசோதனை முடித்தால்தான் மெடிக்கல் சான்றிதழ். 175 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ 40 என்றால் சுமார் 122 கிலோ. விமானிகள் சங்கங்கள் கொதித்தன, திட்டம் நின்றது. நோயைச் சரியாகத்தான் பிடித்தார் டில்டன், வழிதான் கோணல். சம்பளம் போகும் என்று தெரிந்தால் எந்த மனுஷன் டாக்டரிடம் குறட்டையைப் பற்றி வாய் திறப்பான்?

2015 மார்ச்சில் வந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. பிஎம்ஐயை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு, 90 நாளில் பரிசோதனை முடித்து வா என்பார்கள். ஆப்னியா உறுதியானால், தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சு அடைபடாமல் காக்கும் சிபாப் மெஷின். 75 சதவீத இரவுகளாவது, சராசரி 6 மணி நேரம் மாட்டித் தூங்கியதை மெஷினின் பதிவே காட்ட வேண்டும்.

அப்படி மெஷின் மாட்டித் தூங்கி எழுந்துவரும் குண்டு கேப்டன் ஓட்டும் விமானத்தில் நான் நிம்மதியாக ஏறுவேன். குறட்டையை மறைத்துக்கொண்டு வரும் ஒல்லிக் கேப்டனை நினைத்தால்தான் எனக்கு உதறல்.