கழிப்பறை கழுவுவது ஒரே ஆளின் வேலையா?

வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் கழிப்பறைக்குப் போகிறோம். கழுவுவது மட்டும் ஒருத்தர். பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் மனைவி, அதுவும் இல்லையென்றால் சம்பளத்துக்கு வந்துபோகும் ஒரு பெண். அவருக்கு ஓய்வு கிடைக்கிற ஒரு நாளில், வாரம் முழுக்கச் சேர்ந்த அழுக்கை எல்லாம் ஒரே மூச்சில், நெடியடிக்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்து முடிக்க வேண்டும். வீட்டுக் கழிப்பறை நாறுவதற்கு முதல் காரணம் இந்த ஏற்பாடுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த லிக்விட் நல்லது, எந்த பிரஷ் நல்லது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கறை எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். சிறுநீர் வெளியே வரும்போது அவ்வளவாக வாடை இருக்காது. அதில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக ஆக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வருகிறது. அம்மோனியா சேரச் சேர அந்த இடத்தில் காரத்தன்மை ஏறும். ஏறினால், சிறுநீரிலும் தண்ணீரிலும் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட் எல்லாம் உப்பாகப் படிந்து இறுகும். மஞ்சளாக, கையில் பட்டால் சொரசொரவென்று இருக்குமே, அதுதான். அந்தச் சொரசொரப்பில் அடுத்தடுத்து பாக்டீரியா தங்கும், வாடையும் அங்கேயே தங்கும். கடினத் தண்ணீர் வரும் வீடுகளில் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

அன்றன்றைக்குத் தேய்த்தால் தண்ணீரும் பிரஷும் போதும். ஒரு வாரம் விட்டால் லிக்விட் தேவைப்படும். மாதக்கணக்கில் விட்டால் கடும் ஆசிட்டைத் தேடிப் போவோம். தினமும் இரண்டு நிமிடம் யாராவது ஒருவர் பிரஷைப் பிடித்தாலே வாரக் கடைசியின் பெரிய போராட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அந்த 'யாராவது' மாறி மாறி வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எங்கே தேய்ப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கோப்பையின் உட்பகுதியை எல்லோரும் தேய்த்துவிடுகிறோம். வாடை வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து. வெஸ்டர்ன் கோப்பை என்றால் சீட்டின் பின்பக்கம் இரண்டு போல்ட் இருக்கும். அதன் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு வளையம் கட்டியிருக்கும். பல மாதமாகத் தெறித்த துளிகள் அங்கே வழிந்து, வெளியேற வழியில்லாமல் காய்ந்து கிடப்பது அது. பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும், வந்துவிடும். சீட்டையே கழற்றிக் கழுவ முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்தது கோப்பையின் மேல்விளிம்புக்கு அடியில், ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும் துளைகள். ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பாதித் துளைகள் உப்பில் அடைபட்டிருந்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் இறங்காது, இறங்காத பக்கம் கறை பிடிக்கும். இந்தியன் டைப் என்றால் கால் வைக்கும் இடத்தின் வரிப்பள்ளங்களும், கோப்பையும் தரையும் சேரும் இணைப்பும்.

கோப்பைக்குப் பின்னால் உள்ள தரையையும் சுவரையும் மறந்துவிடாதீர்கள். அங்கே படுவதில் பெரும்பங்கு ஆண்கள் நின்று போவதால் வருவது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். 2013இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமரா வைத்து இதைப் படம்பிடித்தார்கள். சிறுநீர்த் தாரை ஒரு சாண் தூரம் போவதற்குள் துளித்துளியாக உடைந்துவிடுகிறது. நின்று போகும்போது அந்தத் துளிகள் வேகமெடுத்து விழுந்து நாலாபக்கமும் தெறிக்கின்றன. அவர்கள் சொன்ன எளிய வழி, உட்கார்ந்து போவது. வீட்டுக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை. உட்காருங்கள். முடியாது என்றால் சீட்டைத் தூக்கிவிட்டுப் போங்கள், முடித்ததும் நீங்களே துடைத்துவிட்டு வாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

கறை போகவில்லை என்றால் டாய்லெட் க்ளீனரோடு கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் 'பவர்' கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சேர்க்கவே கூடாது. டாய்லெட் க்ளீனர் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சோடு (பவுடரானாலும் திரவமானாலும்) சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியப் போர்முனையில் ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தங்கும். அதாவது, குனிந்து உட்கார்ந்து தேய்க்கிறவரின் முகத்துக்கு நேராக. ஜன்னல் சிறியது, கதவு மூடியிருக்கிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் இன்னொன்று என்றாலும் நடுவில் நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். அம்மோனியா கலந்த க்ளீனரோடும் பிளீச் சேரக் கூடாது, அதிலும் நச்சு வாயு வரும். சிறுநீர் தேங்கிக் கிடக்கும் கோப்பையிலும் நேரடியாக பிளீச்சைக் கொட்டாமல் முதலில் ஃப்ளஷ் செய்துவிடுங்கள். தப்பித்தவறி இரண்டும் கலந்துவிட்டால் அங்கே நின்று கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். இருமல் நிற்கவில்லை, நெஞ்சை அடைக்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உண்மையில் இரண்டுக்கும் வேலை வேறு வேறு. உப்புப் படிவைக் கரைப்பது அமிலம். கிருமியைக் கொல்வது பிளீச். உப்புப் படிவின் மேல் பிளீச்சை ஊற்றினால் வெள்ளையாகத் தெரியும், படிவு அப்படியே இருக்கும். தண்ணீரில் இரும்பு இருந்து விழும் செம்பழுப்புக் கறைக்கு பிளீச் போட்டால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். அதற்கு சிட்ரிக் அமிலம் போதும். எதைப் போட்டாலும் போட்ட உடனே தேய்க்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் கைக்கு வேலை குறையும். அமிலத்தைத் தரையில் மட்டும் ஊற்ற வேண்டாம். டைல்ஸ் நடுவில் உள்ள சிமென்ட் பூச்சை அது தின்றுவிடும். அப்புறம் அந்த இடுக்கில் அழுக்குத் தண்ணீர் இறங்கி வாடை நிரந்தரமாகிவிடும். தரைக்கு சோப்புத் தண்ணீர், பிறகு வைப்பர், பிறகு கதவையோ ஜன்னலையோ திறந்துவைத்து உலரவிடுவது. ஈரம் நிற்காத கழிப்பறையில் பாதி வாடை இருக்காது. வாசனை உருண்டை தொங்கவிடுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்தால் கிருமி பரவாது என்று சொல்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை. 2022இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசர் ஒளியை வைத்துக் காட்டினார்கள்: மூடியில்லாத கோப்பையில் ஃப்ளஷ் செய்ததும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் கிளம்பி எட்டே நொடியில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு எழும்புகின்றன. பார்க்கவே திகிலாக இருக்கும். ஆனால் 2024இல் வெளியான அரிசோனா பல்கலைக்கழக ஆய்வில், மூடியை மூடினாலும் வைரஸ் சுற்றியுள்ள பரப்புகளில் படிவது பெரிதாகக் குறையவில்லை. கிருமிநாசினி போட்டு பிரஷால் தேய்த்தபோதுதான் நன்றாகக் குறைந்தது. மூடியை மூடுங்கள், டூத் பிரஷை அங்கே வைக்காதீர்கள். ஆனால் தேய்க்கிற வேலைக்கு அது மாற்று ஆகாது.

வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அன்றைக்கு முறையே வேறு. முதலில் கையுறை போட்டுக்கொண்டு அழுக்கைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், அழுக்கின் மேல் பிளீச் சரியாக வேலை செய்யாது. பிறகு 5 சதவீத திரவ பிளீச்சில் 20 முதல் 100 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து சீட், ஃப்ளஷ் பொத்தான், குழாய், கதவுப் பிடி எல்லாவற்றிலும் தடவி, ஐந்து நிமிடமாவது விட்டுப் பிறகு கழுவ வேண்டும். கலந்த தண்ணீரை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், வீரியம் போய்விடும். இந்த மாதிரி நேரத்தில் கைக்கு சானிடைசரை நம்ப வேண்டாம். வாந்தி, பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் போன்ற கிருமிகளுக்கு அது அவ்வளவாக எடுபடாது, சோப்பும் தண்ணீரும்தான்.

வேறு சில சின்ன விஷயங்கள். தேய்த்த பிரஷைச் சொட்டச் சொட்ட டப்பாவில் செருகாதீர்கள், டப்பாவின் அடியில் நிற்கும் தண்ணீர் தனி நாற்றம். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் பொடி போட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கோப்பையில் கலர் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் கசிகிறது. கோப்பையில் ஒரே கோடாகக் கறை விழுவதற்கு அந்தக் கசிவே காரணமாக இருக்கலாம். அதிகம் பயன்படுத்தாத கழிப்பறையில் சாக்கடை வாடை வந்தால், வளைவுக் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். கோப்பையிலும் தரை ஜாலியிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். வெட் வைப்ஸ், நாப்கின், டயாப்பர் எதையும் உள்ளே போடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் அதை நோண்டி எடுக்க வேண்டியவரும் ஒரு மனிதர்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பத்து வயதுப் பையனுக்கு பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொடுத்துத் தாராளமாகப் பழக்கலாம். ஆசிட் பாட்டிலை மட்டும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். பையன், பெண் என்று பார்க்காமல் முறைவைத்துக் கொடுங்கள். அப்பா பிரஷைத் தொடாத வீட்டில் பையன் தொட மாட்டான், ஆகவே முதல் முறை அப்பாவுடையதாக இருக்கட்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் விட்டுவிடலாம், மற்ற எல்லோருக்கும் உண்டு.

உதவிக்கு ஆள் வருகிற வீடு என்றால், அவர் வரும் நாளுக்காக அழுக்கைச் சேர்த்து வைக்காதீர்கள். நல்ல கையுறை வாங்கி வையுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். எந்த பாட்டில் எது, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று வாயால் சொல்லிக் காட்டுங்கள். பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எச்சரிக்கையை அவர் படித்திருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.